அய்யாவோட டீம்

கோவில்பட்டிப் பக்கம்னு சொன்னால் சென்னைக்காரங்களுக்கு உடனே ஞாபகம் வருவது கடலைமிட்டாய். கொஞ்சம் வயசானவங்க தீப்பெட்டி என்பார்கள். புத்தகம் படிக்கிறவங்க கி.ரா. பேரைச் சொல்லி, இடைசெவல் இங்கேருந்து எவ்வளவு தூரம்னு கேட்பார்கள். ஹாக்கின்னு சொல்றவங்க பத்துக்கு ஒருத்தர் தேறினால் பெரிசு. ஆனால் எங்க பக்கத்து வீடுகளில் பரண்மேல் ஏறித் தேடினால் பழைய ஹாக்கி மட்டை ஒண்ணாவது கிடைக்கும். பாம்பு அடிக்க, ஆடு விரட்ட, கதவுக்கு முட்டுக்கொடுக்கன்னு கடைசிக் காலம்வரை உழைத்த மட்டையாக இருக்கும். அந்த மட்டையைப் பிடித்தே ரயில்வேக்கும் போலீசுக்கும் வேலைக்குப் போன ஆட்கள் இந்த வட்டாரத்தில் உண்டு.

உழவு, உரம், மழைன்னு எழுதுகிறவனுக்கு ஹாக்கி எதுக்குன்னு கேட்காதீங்க. அய்யாவும் நானும் இத்தனை வருஷமாப் பேசினதை ஒரு தராசில் வைத்தால் ஒரு தட்டில் விவசாயம், இன்னொரு தட்டில் ஹாக்கி. வேறு எதுவும் பெரிசாப் பேசினதில்லை. (எங்க பக்கம் அப்பாவை அய்யான்னுதான் கூப்பிடுவோம்.)

அய்யா பிறந்தது 1948. அவர் அதைப் பெருமையாகச் சொல்வார், ஏதோ தானே நாள் குறித்துப் பிறந்த மாதிரி. அந்த வருஷம்தான் லண்டன் ஒலிம்பிக். சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம்கூட முழுசா ஆகலை, ஆகஸ்ட் 12ஆம் தேதி வெம்ப்ளி மைதானத்தில் இந்தியா பிரிட்டனை 4-0ன்னு அடித்தது. அதற்கு முன்னால் ஜெயித்த மூணு தங்கமும் வெள்ளைக்காரன் கொடிக்குக் கீழே ஜெயித்தது. 1928 ஆம்ஸ்டர்டாமில் மொத்தம் 29 கோல் போட்டு, ஒரு கோல்கூட வாங்காமல் வந்தார்கள். அதில் 14 தியான் சந்த் போட்டது. 1932 லாஸ் ஏஞ்சல்ஸில் அமெரிக்காவை 24-1. 1936 பெர்லின் பைனலில் ஜெர்மனியை அவன் ஊரிலேயே 8-1. அந்த மேட்ச் நடந்த தேதி ஆகஸ்ட் 15. பதினோரு வருஷம் கழித்து அந்தத் தேதிக்கு வேற அர்த்தம் வரப்போகிறதுன்னு அன்னைக்கு யாருக்குத் தெரியும்.

1952, 1956 இரண்டும் நமக்கே. ஆறு ஒலிம்பிக், ஆறு தங்கம். 1960 ரோமில்தான் முதல் அடி. பாகிஸ்தான் ஒரே ஒரு கோல் போட்டு ஜெயித்தது. 1964இல் டோக்கியோவில் அதே பாகிஸ்தானை அதே 1-0க்குத் திருப்பி அடித்தோம். அய்யாவுக்கு அப்போ பதினாறு வயசு. கருவேலங்கொம்பில் வளைவாகப் பார்த்து வெட்டி, கந்தல் துணியை இறுக்கிச் சுற்றிச் சணலால் கட்டின பந்தை அடித்து, அறுப்பு முடிந்த கம்மங்கொல்லையில் ஆடின வயசு. கம்பந்தட்டையின் அடிக்கட்டை காலைக் கிழிக்கும். அந்தத் தழும்பு இப்பவும் அவர் முழங்காலுக்குக் கீழே இருக்கிறது.

அவர் நெஞ்சில் நின்ற வருஷம் 1975. கோலாலம்பூரில் உலகக் கோப்பை. மார்ச் மாசம், பருத்தி எடுப்பு நேரம். ஊரில் இரண்டு மூணு வீட்டில்தான் ரேடியோ. வர்ணனை இந்தியில் வரும், இடையில் இங்கிலீஷ் வரும். அய்யா படித்தது அஞ்சாம் வகுப்பு. இரண்டு பாஷையும் தெரியாது. எப்படிய்யா கேட்டீங்கன்னு நான் சின்ன வயசில் கேட்டிருக்கிறேன்.

"பேரு புரியும்லா. அசோக்குமார், கோவிந்தா, பிலிப்ஸ்... யாரு கையில பந்து இருக்குன்னு தெரிஞ்சுரும். பேசுறவன் மூச்சு வாங்குனாம்னா பந்து முன்னால போகுதுன்னு அர்த்தம். குரலு கம்முனா நமக்குக் கோல் விழுந்துட்டுன்னு அர்த்தம்."

அந்த பிலிப்ஸ் நம்ம தமிழ்நாட்டுக்காரர், வி.ஜே. பிலிப்ஸ். அரையிறுதியில் மலேசியாவிடம் தோற்கிற நிலைமை. அஸ்லம் ஷேர் கான் உள்ளே வந்து, கழுத்தில் கிடந்த தாயத்தை முத்தமிட்டுப் பெனால்டி கார்னரை அடித்துச் சமன் செய்தார். பிறகு கூடுதல் நேரத்தில் ஜெயிச்சாச்சு. பைனலில் பாகிஸ்தான் முதல் கோல். சுர்ஜித் சிங் பதில் கோல். தியான் சந்தின் மகன் அசோக்குமார் இரண்டாவது கோல். 2-1. இந்தியா ஆண்கள் ஹாக்கியில் உலகக் கோப்பை ஜெயித்தது அந்த ஒரே தடவைதான், இன்று வரைக்கும். அய்யா அன்னைக்குப் பருத்தி மூட்டைமேல் ஏறி நின்று ஆடினதாக ஊரில் இப்பவும் சொல்வார்கள். நான் பார்க்கலை. எனக்கு அப்போ ஒரு வயசு. அவர் ஆடி நான் பார்த்ததே இல்லை என்பதால் இதை ரொம்ப நாள் நம்பாமல் இருந்தேன்.

நான் விவரம் தெரிந்து பார்த்த அய்யா, தோற்கிற டீமின் ரசிகர். இதைத்தான் பட்டணத்து நண்பர்களுக்குப் புரியவைக்க வேண்டியிருக்கிறது. எட்டு தங்கம்னு பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, ஏதோ சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்த டீம்னு நினைப்பீங்க. அந்த எட்டாவது தங்கம் 1980 மாஸ்கோ. கேப்டன் நம்ம வி. பாஸ்கரன், சென்னைக்காரர். பைனலில் ஸ்பெயினை 4-3. பல நாடுகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்திருந்தன. பெரிய டீம்களில் பாதி வரவில்லை. அதை அய்யாவிடம் சொன்னால் கோபம் வரும். "வராதது அவன் குத்தம். வந்தவன அடிச்சோம்லா?" என்பார். நியாயம்தான்.

அதற்குப் பிறகு 41 வருஷம் ஒலிம்பிக் மெடல் கிடையாது. நான் பள்ளிக்கூடம் போய், மீசை முளைத்து, கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று, தலை நரைத்து முடிக்கிறவரை கிடையாது.

எனக்கு முதல் ஞாபகமே 1982 டிசம்பர் 1. டெல்லி ஆசிய விளையாட்டு பைனல், பாகிஸ்தானோடு. அதற்குள் எங்க வீட்டிலேயே ஒரு டிரான்சிஸ்டர் வந்துவிட்டது. மாட்டுத் தொழுவத்துப் பக்கத்தில் கட்டில் போட்டு, டிரான்சிஸ்டரை மடியில் வைத்துக்கொண்டு அய்யா உட்கார்ந்தார். நான் அவர் காலடியில். முதல் கோல் நாம்தான் போட்டோம். பிறகு குரல் கம்ம ஆரம்பித்தது. கம்மினது நிமிரவே இல்லை. 1-7. நாலாவது கோலுக்கே அம்மா வந்து "அத அணைச்சுட்டுச் சாப்பிட வாங்க"ன்னு கூப்பிட்டாள். அய்யா அணைக்கலை. கடைசி விசில்வரைக்கும் கேட்டார். பிறகு எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனார், ஏற்கெனவே காட்டின மாட்டுக்கு.

கோல்கீப்பர் மிர் ரஞ்சன் நேகியை நாடே திட்டியது. காசு வாங்கிட்டான்னு பேசினார்கள். எங்க ஊர் டீக்கடையிலும் அதே பேச்சு. அய்யா சண்டைக்குப் போகிற ஆள் இல்லை, அன்னைக்குப் போனார். "ஏழு கோலையும் அவன் ஒத்தையிலயா விட்டான்? அவனுக்கு முன்னால பத்துப் பேரு நின்னாம்லா, அவன்லாம் என்ன பண்ணிக்கிட்டிருந்தான்?" எட்டு வயசில் எனக்கு இது பெரிசாப் படலை. இருபத்தஞ்சு வருஷம் கழித்து நேகி கதையைத் தொட்டு 'சக் தே இந்தியா' வந்தபோது, தியேட்டரில் கைதட்டினவங்களைப் பார்த்து எனக்கு அந்த டீக்கடைதான் ஞாபகம் வந்தது. அன்னைக்குத் தட்ட ஒரு கையும் இல்லை.

அப்புறம் வரிசையாச் சொல்கிறேன், சீக்கிரம் முடிச்சுக்கலாம். 1984 ஒலிம்பிக்கில் அஞ்சாவது. 1988 ஆறாவது. 1992 ஏழாவது. 1996 எட்டாவது. பாருங்க, நாலு வருஷத்துக்கு ஒரு படி, ஒழுங்காக் கணக்கு வைத்து இறங்கின மாதிரி. நடுவில் 1986 லண்டன் உலகக் கோப்பை. பன்னிரண்டு டீம். பதினோராவது இடத்துக்கு மோதினது யாருன்னு நினைக்கிறீங்க? இந்தியாவும் பாகிஸ்தானும். அதிலும் தோற்று நாம் பன்னிரண்டு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே இரண்டு பேரும் பைனல் ஆடினவங்க.

ஏன் விழுந்தோம்? இதுதான் எங்க வீட்டில் முப்பது வருஷமா ஓடின விவாதம். களையெடுக்கும்போது, வண்டி ஓட்டும்போது, மழைக்கு ஒதுங்கி நிற்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடரும்.

அய்யாவின் கட்சி ரொம்பச் சுருக்கம்: "புல்ல எடுத்தான். நம்மளயும் எடுத்தான்." 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் முதல் தடவையா செயற்கைத் தரையில் ஹாக்கி ஆடினார்கள். இந்தியா ஏழாவது இடத்துக்குப் போனது. அதுவரை தங்கம், வெள்ளி, வெண்கலம் தவிர வேற எதையும் பார்க்காத டீம். அதில் விஷயம் இருக்கிறது. மண் தரையிலும் புல் தரையிலும் பந்து நேராக வராது. குதிக்கும், திரும்பும். அதை மட்டையில் அடக்கி, கூட்டத்துக்கு நடுவே நெளித்துக்கொண்டு போகிறதுதான் நம்ம ஆட்டம். பந்தை அடக்கத் தெரிந்தவனுக்கு அங்கே மதிப்பு. செயற்கைத் தரையில் பந்து கண்ணாடிமேல் உருட்டின மாதிரி போகும். யார் வேண்டுமானாலும் அடக்கலாம். அங்கே வேகமும் மூச்சும் உடம்புப் பலமும்தான் பேசும். அந்தத் தரை போட ஆகிற செலவு நம்ம மாதிரி நாட்டுக்குக் கட்டுபடியாகலை. நம்ம பிள்ளைகள் பதினஞ்சு வயசுவரை மண்ணில் ஆடிப் பழகி, பிறகு திடீர்னு அந்தத் தரையில் போய் நின்றால் கால் ஒரு கணக்குப் போடும், கை வேற கணக்குப் போடும். கரிசலில் பழகின மாட்டைச் சேற்று வயலில் இறக்கின மாதிரின்னு அய்யா சொல்வார்.

என் கட்சி வேற. நான் சொல்வேன்: "அய்யா, மாஸ்கோவுலயும் அதே தரைதான். அங்க ஜெயிச்சோம்லா?"

பதில் வராது. பீடியைப் பற்றவைப்பார்.

"பாகிஸ்தானும் நம்மள மாதிரி மண்ணுல பழகுனவன்தான். அவன் 1984ல ஒலிம்பிக் ஜெயிச்சான். 1994ல உலகக் கோப்பை ஜெயிச்சான். ரெண்டும் பிளாஸ்டிக் தரையில."

"அவனும் விழுந்தாம்லா. பத்து வருசம் லேட்டு, அம்புட்டுதான்."

இதை அவர் சொன்னபோது பாகிஸ்தான் இன்னும் நல்லாத்தான் இருந்தது. 2016, 2021, 2024 மூணு ஒலிம்பிக்குக்கும் அவர்கள் தகுதியே பெறவில்லை. அப்போதெல்லாம் அய்யா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எழுத முடியாது.

ஆனாலும் தரைமேல் மட்டும் பழிபோட எனக்கு மனசு வரலை. சரிவு அதற்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது. 1968இலும் 1972இலும் புல்லில்தான் ஆடினோம், இரண்டிலும் வெண்கலம்தான். நாட்டைப் பிரித்தபோது டீமும் இரண்டாச்சு. ஆங்கிலோ இந்தியர்கள் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். ஜபல்பூரிலிருந்து போன பியர்ஸ் குடும்பத்தின் அண்ணன் தம்பிகள் அஞ்சு பேர் ஆஸ்திரேலியாவுக்கு ஆடினார்கள், அஞ்சு பேர்! நம்ம விதை அங்கே போய் முளைத்தது. ஐரோப்பாக்காரன் நம்ம ஆட்டத்தைப் பார்த்துப் படித்தான். நாம் யாரையும் பார்த்துப் படிக்கலை. ஆஃப்சைடு விதியை எடுத்தார்கள், ஆளை மாற்றி மாற்றி இறக்கலாம்னு விதி வந்தது. மற்ற நாடெல்லாம் அதற்குத் தகுந்த மாதிரி ஆட்டத்தை மாற்றிக்கொண்டது. நம்ம சங்கத்துக்காரங்க நாற்காலிக்கு அடித்துக்கொண்டார்கள். 1998இல் பாங்காக்கில் 32 வருஷம் கழித்து ஆசிய விளையாட்டில் தங்கம் கொண்டுவந்த டீம் அது, கேப்டன் தன்ராஜ் பிள்ளை. ஊர் திரும்பின கையோடு தன்ராஜையும் கோல்கீப்பர் ஆசிஷ் பல்லாலையும் இன்னும் சிலரையும் சேர்த்து நீக்கினார்கள். விளைந்த பயிரை யாராவது உழுதுபோடுவாங்களா? இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அய்யாவும் நானும் ஒரே கட்சி.

தன்ராஜ்மேல் அய்யாவுக்குத் தனிப் பிரியம். புனே கட்கியில் பிறந்து வளர்ந்தாலும் தமிழ்க் குடும்பம். அப்பா ராணுவத் தளவாடத் தொழிற்சாலை மைதானத்தில் தரை பார்க்கிற வேலை. உடைந்த மட்டையை ஒட்டி ஆடிப் பழகின பையன், நாலு ஒலிம்பிக் ஆடினார், ஒரு மெடல் இல்லை.

என் கதையும் இங்கே கொஞ்சம் வருகிறது. எனக்குப் பன்னிரண்டு வயசில், பருத்தி போட்ட காசில் அய்யா ஒரு மட்டை வாங்கி வந்தார். ஜலந்தரில் செய்த மட்டை, கைப்பிடியில் நீலத் துணி. வீட்டில் அந்த வருஷம் யாருக்கும் தீபாவளிக்குப் புதுத்துணி இல்லை. அவர் மனசில் இருந்தது ஸ்போர்ட்ஸ் கோட்டா. மானாவாரிக் காட்டை நம்பி என் பிள்ளையும் வானத்தைப் பார்க்க வேண்டாம், மட்டையைப் பிடித்தாவது ரயில்வேக்குப் போகட்டும்னு. சைக்கிள் பாரில் துண்டைச் சுற்றி, என்னை உட்கார வைத்து, பதினோரு கிலோமீட்டர் மிதித்துக் கோவில்பட்டிக்குக் கூட்டிக்கொண்டு போவார். லெஃப்ட் ஹாஃப் ஆடினேன். மோசம் இல்லை. ஆனால் மோசம் இல்லைங்கிறது வேலை வாங்கித் தராது. மாவட்ட அளவோடு நின்னுபோச்சு. பிறகு திருப்பூர் பனியன் கம்பெனியில் நாலு வருஷம். திரும்பி வந்து, காட்டையே பார்க்கிறேன்னு சொன்னபோது அவருக்குப் பிடிக்கலை. திட்டலை. பேச்சைக் குறைத்தார். அம்மா வழியாகத்தான் எல்லாம். "அவன்ட்ட சொல்லு, மேலக்காட்டுல உளுந்து போடச் சொல்லு." நான் அதே திண்ணையில் உட்கார்ந்திருப்பேன்.

அப்படி ஒரு வருஷம்தான் 2000. சிட்னி ஒலிம்பிக் செப்டம்பரில் வந்தது. எங்களுக்குப் புரட்டாசிப் பட்டம், விதைப்பு நேரம். டீமுக்குக் கோச் மாஸ்கோ கேப்டன் பாஸ்கரன். போலந்தை ஜெயித்தால் அரையிறுதி. போலந்து ஒண்ணும் பெரிய டீம் இல்லை. டிவி முன்னால் இரண்டு பேரும் இரண்டு மூலையில் உட்கார்ந்தோம். 1-0 முன்னால் இருக்கிறோம். முடிய இரண்டு நிமிஷம்கூட இல்லை. போலந்து ஒரு கோல் போட்டது. 1-1. முடிஞ்சுபோச்சு.

இரண்டு பேரும் எழுந்திருக்கலை. ரொம்ப நேரம் கழித்து அய்யா நேராக என்னைப் பார்த்து, "லெஃப்ட் சைடுல ஆளே இல்ல பாத்தியா?" என்றார்.

"ஆமாய்யா. முன்னால ஏறுனவன் திரும்பி வரலை."

"நீன்னா வந்திருப்ப."

ஏழெட்டு மாசத்துக்குப் பிறகு என்கிட்ட நேராப் பேசின பேச்சு. மறுநாள் காலையில் இரண்டு பேரும் சேர்ந்துதான் விதைத்தோம். கொறுக்கலப்பைக்குப் பின்னால் நான் விதை விட்டுக்கொண்டே போக, அவர் அந்தக் கடைசி இரண்டு நிமிஷத்தை எப்படிக் கடத்தியிருக்கலாம்னு சொல்லிக்கொண்டே மாட்டை ஓட்டினார். அந்த மேட்சை ஜெயித்திருந்தால் என்ன பேசியிருப்போம்னு யோசித்திருக்கிறேன். பெரிசா ஒண்ணும் பேசியிருக்க மாட்டோம்.

2008இல் சிலி நாட்டில் தகுதிப் போட்டி, பிரிட்டனிடம் 0-2. 1928க்குப் பிறகு முதல் தடவையா இந்திய ஹாக்கி டீம் இல்லாத ஒலிம்பிக். அய்யா அந்த வருஷம் ஒலிம்பிக் பக்கமே திரும்பலை. 2012 லண்டனுக்குப் போனோம், ஆடின ஆறு மேட்சிலும் தோற்றுப் பன்னிரண்டாவது. நான் அலுத்துப்போய், "போதும்யா, விட்டுருவோம்"னு சொன்னேன். "மூணு வருசம் மழை பொய்ச்சா காட்ட விட்டுருவியால?"ன்னு கேட்டார். வித்துட்டுப் போனவங்க எங்க ஊரில் நிறைய உண்டு. அதை அவரிடம் சொல்லலை.

பிறகு கோவில்பட்டியிலேயே செயற்கைத் தரை வந்தது. கிருஷ்ணா நகர் ஸ்டேடியம். மே மாசம் அங்கே அகில இந்தியப் போட்டி நடக்கும்போது ஒரு சாயங்காலம் அய்யாவைக் கூட்டிக்கொண்டு போனேன். முப்பது வருஷமாத் திட்டின எதிரியை முதல் தடவையா நேரில் பார்க்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டு ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். கையால் தடவிப் பார்த்தார். நகத்தால் கீறிப் பார்த்தார், மண் பதம் பார்க்கிற மாதிரி. அப்போது மேட்சுக்கு முன்னால் தண்ணி பீய்ச்சினார்கள். அந்தத் தரை ஈரமாக இருந்தால்தான் பந்து சரியா ஓடும். விழுந்தால் தோலும் உரியாது. குடிதண்ணிக்குக் குடத்தோடு காத்துக்கிடந்தே பழகின ஊர் எங்க ஊர். அந்தத் தண்ணி வில்லு வில்லாப் பிளாஸ்டிக் புல்மேல் விழுந்ததை அய்யா வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்குப் பாய்ச்சுறதுல பாதி இருந்தா நான் கொத்தமல்லி எடுத்துருவேன்" என்றார். ஆனால் மேட்ச் தொடங்கினதும் பேச்சு நின்றது. பத்து நிமிஷத்தில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். திரும்பும்போது பைக்கில் பின்னாலிருந்து, "வேகமாத்தாம்ல இருக்கு" என்றார். அம்புட்டுதான். முப்பது வருஷ விவாதத்தில் அவர் விட்டுக்கொடுத்தது அந்த ஒரு வரி.

2021 டோக்கியோ. கொரோனா காலம். ஆஸ்திரேலியா நம்மை 7-1ன்னு அடித்தது. "திரும்பவும் ஏழா?" என்றார் அய்யா. 1982ஐ அவர் மறக்கவே இல்லை. ஆனால் இந்த டீம் அதற்கப்புறம் எழுந்தது. அரையிறுதியில் பெல்ஜியத்திடம் 2-5 தோற்று, ஆகஸ்ட் 5ஆம் தேதி காலை ஏழு மணிக்கு ஜெர்மனியோடு வெண்கலத்துக்கு மேட்ச். ஆடி மாசம், வாசலில் காத்து பேய்மாதிரி அடிக்கிறது. கேபிள் வயரை நான் ஒரு கையில் பிடித்துக்கொண்டு நின்றேன், விட்டால் படம் போய்விடும். 1-3 பின்னால் போனோம். அய்யா ஒண்ணும் சொல்லலை, பழகின ஆள். பிறகு அடுத்தடுத்து நாலு கோல், 5-3. ஜெர்மனி ஒண்ணு போட்டு 5-4. முடிய ஆறு செகண்டு இருக்கும்போது ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர். அய்யா கண்ணை மூடிக்கொண்டார். "சொல்லுல, என்னாச்சு சொல்லுல" என்கிறார். ஸ்ரீஜேஷ் தடுத்துவிட்டார். எனக்குக் குரல் வரலை. நான் பேசாமல் நிற்கிறதைப் பார்த்து, குரல் கம்மினால் கோல் விழுந்துட்டுன்னு பழைய கணக்கில் அவர் தலையைக் குனிந்துகொண்டார். டிவியில் ஸ்ரீஜேஷ் கோல்போஸ்ட்மேல் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கண்ணைத் திறந்து பார்த்தார். எழுபத்து மூணு வயசு. எழுந்து ஆடலை. உள்ளே போய், வேட்டி மாற்றிக்கொண்டு, டீக்கடைக்குக் கிளம்பினார். அங்கே இருந்த அத்தனை பேருக்கும் அன்னைக்கு டீ அவர் கணக்கு.

அடுத்த வருஷம் எங்க பக்கத்துக்கே ஒரு சந்தோஷம் வந்தது. கோவில்பட்டி ஹாஸ்டலில் ஆடி வளர்ந்த மாரீஸ்வரனும் கார்த்தியும் இந்திய சீனியர் டீமுக்குத் தேர்வானார்கள். ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை, முதல் மேட்சே பாகிஸ்தானோடு. அரியலூர்ப் பையன் கார்த்தி, தன்னோட முதல் மேட்சிலேயே கோல் போட்டார். அய்யா அந்தக் கோலைச் செல்போனில் எத்தனை தடவை போடச் சொன்னார் என்பதற்குக் கணக்கில்லை.

அதனால்தான் 2023 ஆகஸ்டில் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை நடந்தபோது, முழங்கால் வலியோடு ரயில் ஏறினார். எழும்பூரில் இறங்கினால் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம் பக்கம்தான். எழுபத்தஞ்சு வயசில் இந்திய டீமை அவர் நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை. பைனல் மலேசியாவோடு. பாதி ஆட்டத்தில் 1-3. சுற்றி உட்கார்ந்திருந்த பட்டணத்துப் பிள்ளைகள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். அய்யா பக்கத்தில் இருந்த பையனுக்குக் கடலைமிட்டாய் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்து, "இரும், இனிமேத்தான் இருக்கு" என்றார். 4-3ன்னு ஜெயிச்சோம். அந்தப் பையன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்குன்னு குலுக்கினான். வெளியே வரும்போது அய்யா அங்கே நின்ற பணியாளர் ஒருத்தரைப் பிடித்து, தரைக்குப் பாய்ச்சுகிற தண்ணி போர் தண்ணியா, எத்தனை அடின்னு விசாரித்துக்கொண்டிருந்தார். நான் இழுத்துக்கொண்டு வரவேண்டியதாப் போச்சு.

பாரிஸில் 2024. கார்த்தி டீமில் இல்லைன்னு அய்யாவுக்கு வருத்தம். பிரிட்டனோடு கால் இறுதியில் ரோஹிதாசுக்குச் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பினார்கள். மீதி ஆட்டம் முழுக்கப் பத்துப் பேர். ஷூட் அவுட்டில் ஜெயித்தோம். அரையிறுதியில் ஜெர்மனியிடம் 2-3. வெண்கலத்துக்கு ஸ்பெயின், 2-1. காது இப்போ அவருக்குச் சரியாக் கேட்காது. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பேராகக் கத்திச் சொன்னேன். ஹர்மன்ப்ரீத், ஹர்திக், ஸ்ரீஜேஷ். பேர் மட்டும். முடிந்ததும் மெடல் போட்டார்கள், கொடி ஏறியது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எல, மாஸ்கோவுலயும் ஸ்பெயின்தான?"

"ஆமாய்யா. அதே ஸ்பெயின்தான்."

"அப்ப நாலு போட்டோம்லா" என்றார்.